மைக்ரோடிக்ல டிராப் ரூல் போட்டும் என்விஆர் வெளிய போயிட்டே இருக்கு, எங்க தப்பு?

பனியன்சிட்டி_ஐடி:

வணக்கம்ங்க. சின்ன கார்மெண்ட்ஸ் ஆபீஸ் ஒண்ணுல நெட்வொர்க், பிரிண்டர், டேலி சர்வர்னு எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கறேன். ரவுட்டர் மைக்ரோடிக் கம்பெனியோட ஹேப் ஏசி2, அதுல அவங்க சாஃப்ட்வேர் ரவுட்டர்ஓஎஸ் 7 ஓடுது, பாக்ஸோட வந்த டிஃபால்ட் கான்ஃபிக் அப்படியே இருக்கு, அதுக்கு மேல தேவைப்படறத நான் சேத்துக்கிட்டு வர்றேன். நெட் ஈதர்1 போர்ட்ல வருது, பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் குடுத்து நெட்ட இணைக்கற முறை) டயல் பண்ணணும். லேன், அதாவது ஆபீஸ் உள் நெட்வொர்க், 192.168.88.0/24. கேமரா ரெக்கார்டர் பெட்டி, அதான் என்விஆர், 192.168.88.50ல ஸ்டாட்டிக்கா இருக்கு.

ஓனருக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, என்விஆர் எந்தக் காரணத்துக்கும் தானா இன்டர்நெட்டுக்கு போகக்கூடாது, கம்பெனிக்காரனோட க்ளவுடுக்கு எதுவும் போகக்கூடாதுன்னு சொல்றாரு. இன்னொண்ணு, கட்டிங் செக்‌ஷன் பசங்க ப்ரவுசர்ல ஐபி அடிச்சு கேமரா பேஜ ஓபன் பண்றாங்க, அத நிறுத்தணும், ஓனர் சிஸ்டமும் அக்கவுன்ட்ஸ் சிஸ்டமும் மட்டும் பாக்கணும்.

நான் ஐபி, ஃபயர்வால், ஃபில்டர் ரூல்ஸ் போய் இன்புட் செயின்ல சோர்ஸ் 192.168.88.50, ஆக்‌ஷன் டிராப் போட்டேன். ரூல்ல எத்தன பாக்கெட் மாட்டுச்சுன்னு காட்டற கவுன்ட்டர் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, அதனால ரூல் வேலை செய்யுதுன்னுதான் நெனச்சேன், ஆனா மொபைல் ஆப்ல லைவ் வீடியோ ஜம்முனு வருது. சரின்னு அதையே ஃபார்வேர்டு செயின்ல, அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்1னு குடுத்து கடைசில போட்டேன். இதோட கவுன்ட்டர் ஜீரோவுலயே நிக்குது, ஒரு பாக்கெட் கூட இல்ல. கட்டிங் செக்‌ஷன் பத்தி இன்னும் எதுவும் தொடல. யாராவது தெளிவா சொல்லுங்க, லாக் அவுட் ஆயிட்டா ஆபீஸே நின்னுரும்ங்கற பயம் வேற.

சிஸ்கோ_சீனு:

ப்ரோ, நீங்க எதுக்கு டிராப் டிராப்னு போடறீங்க? எந்த ஐபிக்கு பர்மிட் வேணுமோ அத மட்டும் போட்டா போதும், கடைசில எழுதாமலே இருக்கற தடை, இம்ப்ளிசிட் டினை இருக்கும்ல, மீதி எல்லாம் தானா கட் ஆயிடும். சிஸ்கோ கோர்ஸ் சிசிஎன்ஏல இதான் முதல் பாடமே.

பாக்கெட்பாண்டி:

சீனு தம்பி, அது சிஸ்கோ ரவுட்டரோட ரூல் லிஸ்ட், ஏசிஎல். மைக்ரோடிக்ல நேர் எதிர், கடைசி வரைக்கும் எந்த ரூலும் மேட்ச் ஆகலன்னா பாக்கெட்ட அக்செப்ட் பண்ணி விட்டுடும். பர்மிட் மட்டும் போட்டுட்டு உக்காந்திருந்தா ஊரே உள்ள வந்துரும். ரெண்டையும் கொழப்பிக்காதீங்க, சிஸ்கோல இன்டர்ஃபேஸ்ல இன், அவுட்னு கட்டுவோம், இங்க செயின் கணக்கு.

இப்ப கேள்வி கேட்டவருக்கு வர்றேன். ரூல் எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பாக்கெட் எங்க இருந்து கிளம்பி எங்க போகுதுன்னு பாருங்க. ரவுட்டருக்கே வர்ற பாக்கெட்னா இன்புட், ரவுட்டர தாண்டி வேற எடத்துக்கு போறதுன்னா ஃபார்வேர்டு, ரவுட்டரே கிளப்பி விடறதுன்னா அவுட்புட். என்விஆர் க்ளவுடுக்கு போறது ஃபார்வேர்டு. அப்ப இன்புட் கவுன்ட்டர் ஏன் ஏறுச்சுன்னா, என்விஆர்ல டிஎன்எஸ் 192.168.88.1னு இருக்கும், பேர கேக்கறதுக்கு ரவுட்டர்கிட்டதான் வருது, அந்தக் கேள்வியதான் நீங்க டிராப் பண்ணிக்கிட்டு இருக்கீங்க. க்ளவுடோட கனெக்‌ஷன் ஏற்கனவே கட்டி ஓடிக்கிட்டு இருக்கறதால அதுக்கு ஒரு சேதாரமும் இல்ல.

ரெண்டாவது ரூல் ஜீரோவுல நிக்க ரெண்டு காரணம் தெரியுது. நெட் பிபிபிஓஇல வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்படின்னா ஃபயர்வாலுக்கு வெளிய போற வாசல் ஈதர்1 கெடையாது, பிபிபிஓஇ-அவுட்1. ஈதர்1 வெறும் கேபிள் மாட்டற எடம், ஐபி பாக்கெட் பிபிபிஓஇக்குள்ள சுத்தித்தான் அதுல போகுது, அதனால அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்1னு போட்ட ரூல் ஜென்மத்துக்கும் மேட்ச் ஆகாது. அவுட் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்ல வேன்னு (வெளி நெட் பக்கம்) போடுங்க, அந்த லிஸ்ட்ல பிபிபிஓஇ-அவுட்1 இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்குங்க. இன்னொரு காரணம் வரிசை. டிஃபால்ட் கான்ஃபிக்ல ஃபார்வேர்டு செயின்ல ஃபாஸ்ட்டிராக் ரூலும் (ஓடற கனெக்‌ஷன குறுக்கு வழில வேகமா விடறது), எஸ்டாப்ளிஷ்ட் ரிலேட்டட் அக்செப்ட் ரூலும் (ஏற்கனவே கட்டின கனெக்‌ஷன விடறது) மேல இருக்கும். மேல இருந்து கீழ ஒண்ணொண்ணா பாக்கும், முதல்ல மேட்ச் ஆனதோட கத முடிஞ்சுது, கீழ உள்ளது எதையும் பாக்காது. ஓடிக்கிட்டு இருக்கற கனெக்‌ஷனோட பாக்கெட் எல்லாம் எஸ்டாப்ளிஷ்ட்ல அக்செப்ட் ஆகி போயிடுது, உங்க டிராப் வரைக்கும் வரவே வராது. ஃபாஸ்ட்டிராக் ஆன கனெக்‌ஷனோ ஃபில்டர் பக்கமே எட்டிப் பாக்காது.

அதனால ரூல சரி பண்ணிட்டு ஃபயர்வால்லயே கனெக்‌ஷன்ஸ் டேபுக்கு போய், 192.168.88.50னு ஃபில்டர் பண்ணி, வர்ற எல்லாத்தையும் செலக்ட் பண்ணி மைனஸ் அடிங்க. இல்லன்னா என்விஆர ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தா போதும்னு சில பேர் சொல்வாங்க, ஆனா யூடிபி கனெக்‌ஷன் அதே போர்ட்ல திரும்ப வந்தா பழைய என்ட்ரியே தொடரும், அதனால நேரா கனெக்‌ஷன அழிக்கறதுதான் சுத்தம்.

ரவுட்டர்_ரேவதி:

பாண்டி அண்ணே சொன்னது சரி, அதோட ஒண்ணு சேத்துக்கறேன். டெஸ்ட் பண்றப்ப ஆபீஸ் வைஃபைல இருந்து ஆப்ப ஓபன் பண்ணாதீங்க. நெறய கேமரா ஆப் அதே நெட்வொர்க்ல என்விஆர் இருந்தா க்ளவுட விட்டுட்டு நேரா லோக்கல்லயே பேசிக்கும், நீங்க ரூல் பிடிக்கலன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருப்பீங்க. வைஃபைய ஆஃப் பண்ணி மொபைல் டேட்டால பாருங்க.

அந்தக் கட்டிங் செக்‌ஷன் மேட்டருக்கு ஃபில்டர் ரூல் எத்தன போட்டாலும் இப்ப இருக்கற அமைப்புல வேலைக்கு ஆகாது. அவங்க சிஸ்டமும் என்விஆரும் ஒரே 88 நெட்வொர்க், ஒரே பிரிட்ஜ் (ரவுட்டர் போர்ட்டுகள ஒரே நெட்வொர்க்கா இணைக்கறது). ரெண்டும் நேரா பேசிக்கும், ஐபி ஃபயர்வாலுக்கு அந்த பாக்கெட் வரவே வராது. கேட்ல வாட்ச்மேன் நிக்கறாரு, பக்கத்து வீட்டுக்காரன் மொட்ட மாடி வழியா தாண்டி வர்றான், வாட்ச்மேன திட்டி என்ன பண்றது? பிரிட்ஜ் செட்டிங்ல யூஸ் ஐபி ஃபயர்வால்னு ஒண்ணு இருக்குதான், ஆனா ஸ்விட்ச் சிப்லயே கடந்து போற டிராஃபிக் சிபியூவ தொடாது, அதுவும் இல்லாம நடுவுல தனி ஸ்விட்ச் இருந்தா ரவுட்டர் வரைக்கும் கூட வராது, அந்த வழிக்கு நான் போக மாட்டேன்.

ஈதர்5 காலியா இருந்தா அத பிரிட்ஜ்ல இருந்து வெளிய எடுத்துடுங்க, அதுக்கு 192.168.90.1/24னு தனி அட்ரஸ் குடுங்க, என்விஆர அங்க மாட்டி 192.168.90.50 வைங்க. கேமராக்கு நெட் கேபிள்லயே கரண்ட் குடுக்கற தனி பிஓஇ ஸ்விட்ச் இருந்தா அதையும் அங்கயே தொங்க விடுங்க. இப்ப யார் பேசணும்னாலும் ரவுட்டர தாண்டித்தான் ஆகணும், ஃபார்வேர்டு செயின்ல மாட்டியே தீருவாங்க.

பனியன்சிட்டி_ஐடி:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வேன் லிஸ்ட் போட்டு, கனெக்‌ஷன் அழிச்சதும் ஆப்ல ஆஃப்லைன் வந்துருச்சு, மொபைல் டேட்டாலயும் பாத்துட்டேன். ஈதர்5 காலிதான், கேமரா ஸ்விட்ச் தனியாதான் இருக்கு, அதனால மாத்தறது சுலபம். ஆனா தனி நெட்வொர்க் ஆக்கினதும் எந்த ரூல், எந்த வரிசைல போடறதுன்னு கொஞ்சம் சொன்னீங்கன்னா புண்ணியமா போகும். அப்புறம் ஓனரே இப்ப கேக்கறாரு, வீட்ல இருந்து நான் எப்படி பாக்கறதுன்னு, நீங்கதானே சார் வெளிய போகக்கூடாதுன்னு சொன்னீங்கன்னா மொறைக்கறாரு.

ஆல்இன்ஆல்_ஆறுமுகம்:

ஓனர் வீட்ல இருந்து பாக்க என்விஆர் போர்ட்ட ஃபார்வேர்டு பண்ணி விடுங்க பாஸ், அஞ்சு நிமிஷ வேலை. கூடவே மைக்ரோடிக்க செட் பண்ற வின்பாக்ஸ் ஆப்போட 8291 போர்ட்டையும் வெளிய தொறந்து வச்சா வீட்ல இருந்தே நீங்க மெயின்டெயின் பண்ணலாம். செக்யூரிட்டி வேணும்னா பிங்கும் நெட்வொர்க் பிழைச் செய்தியும் போற ஐசிஎம்பிய டிராப் பண்ணிடுங்க, பிங் அடிச்சா தெரியாது, யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பாக்கெட்பாண்டி:

ஆறுமுகம் அண்ணே கோவிச்சுக்காதீங்க, நீங்க சொன்ன மூணும் வேண்டாம்.

8291 வெளிய தொறந்து வச்சவங்க கதைதான் 2018ல உலகம் பூரா நாறுச்சு. வின்பாக்ஸ்ல வந்த ஓட்டை, சிவிஇ-2018-14847, பாஸ்வேர்ட் இல்லாமலே யூசர் டேட்டாபேஸ் ஃபைல எடுத்துடலாம். மைக்ரோடிக் ஏப்ரல்லயே 6.42.1ல சரி பண்ணிட்டாங்க, ஆனா நெறய பேர் அப்டேட் பண்ணல, சில மாசத்துல ப்ரேசில்ல ஆரம்பிச்சு லட்சக்கணக்கான ரவுட்டர்ல காயின் மைனிங் ஸ்கிரிப்ட் ஏறிடுச்சு. அப்ப டிஃபால்ட் இன்புட் ரூல தொடாம வச்சிருந்தவனுக்கு வெளியில இருந்து ஒண்ணும் ஆகல. லேன்ல இருந்து வராத எல்லாத்தையும் டிராப் பண்ற அந்த ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்கு மேல அவசரப்பட்டு எதையாவது தொறந்து விடறதுதான் பாதி பிரச்சினைக்குக் காரணம். என்விஆர் போர்ட்ட நேரா தொறக்கறது அதவிட மோசம், ரவுட்டருக்காவது அப்டேட் வரும், அந்தப் பெட்டிக்கு பெரும்பாலும் வாங்கின நாள்ல இருக்கற ஃபர்ம்வேர்தான் கடைசி வரைக்கும்.

ஐசிஎம்பிய மொத்தமா டிராப் பண்ணா ஒளிஞ்சுக்கலாம்னு நெனக்கறதும் பழங்கதை. பிபிபிஓஇல எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, 1492 பைட், சாதாரண ஈதர்நெட்ல 1500, நடுவுல எங்கயாவது பாக்கெட் பெருசா இருக்குன்னா அத சொல்றதே ஐசிஎம்பி மூலமாத்தான். அத அடைச்சுட்டா சில சைட் மட்டும் பாதி லோடு ஆகி தொங்கும், ஜிஎஸ்டி போர்ட்டல் ஓபன் ஆகல, பேங்க் சைட் ஓபன் ஆகலன்னு அக்கவுன்ட்ஸ்ல இருந்து உங்களுக்குத்தான் போன் வரும். டிஃபால்ட் கான்ஃபிக்ல ஐசிஎம்பி அக்செப்ட் இருக்கறது சும்மா இல்ல.

ரவுட்டர்_ரேவதி:

வரிசை கேட்டீங்கல்ல, ஃபார்வேர்டு செயின்ல டிஃபால்ட்டா வர்ற ஃபாஸ்ட்டிராக், எஸ்டாப்ளிஷ்ட் அக்செப்ட், இன்வாலிட் டிராப் இதெல்லாம் இருக்கற எடத்துலயே இருக்கட்டும், இன்வாலிட் டிராப்புக்கு கீழ உங்க ரூல் வரணும்.

முதல்ல அட்ரஸ் லிஸ்ட்ல "கேமரா-பார்வை"ன்னு ஒரு லிஸ்ட் போட்டு ஓனர் சிஸ்டம், அக்கவுன்ட்ஸ் சிஸ்டம் ரெண்டு ஐபியையும் சேத்துடுங்க (பேர இங்கிலீஷ் எழுத்துலயே அடிங்க, தமிழ்ல அடிச்சா டெர்மினல்ல கோணல் மாணலா தெரியும்). அப்புறம் செயின் ஃபார்வேர்டு, சோர்ஸ் அட்ரஸ் லிஸ்ட் அந்த லிஸ்ட், அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்5, அக்செப்ட். அதுக்கு அடுத்தது ஃபார்வேர்டு, அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்5, டிராப், இதுல மத்தவங்க யாரு போனாலும் அடி வாங்குவாங்க. கடைசியா ஃபார்வேர்டு, இன் இன்டர்ஃபேஸ் ஈதர்5, டிராப், இதுல என்விஆர் தானா கிளம்பி நெட்டுக்கோ லேனுக்கோ எங்க போக நெனச்சாலும் நின்னுடும். ஓனர் சிஸ்டத்துக்கு என்விஆர் குடுக்கற பதில் மட்டும் எப்படி வரும்னு கேப்பீங்க, அது எஸ்டாப்ளிஷ்ட்ல மேலயே அக்செப்ட் ஆயிடும், அதுக்கு தனியா ரூல் வேண்டாம். அக்செப்ட்ட டிராப்புக்கு கீழ தள்ளிடாதீங்க, வின்பாக்ஸ்ல புது ரூல் எப்பவும் அடில போய்தான் உக்காரும், இழுத்து மேல வைக்கணும்.

ஐபிய வச்சு விடறதால, கட்டிங் செக்‌ஷன்ல யாராவது சூட்டிகையான பையன் தன் சிஸ்டத்துல ஓனரோட ஐபிய கையால போட்டுக்கிட்டா உள்ள போயிடலாம். அத தடுக்க ஐபி பிரிச்சுக் குடுக்கற டிஹெச்சிபில ஸ்டாட்டிக் லீஸ் குடுத்து, லீஸ்க்கு ஏஆர்பி (எந்த ஐபி எந்த மெஷின்ங்கற பட்டியல்) சேக்கற ஆப்ஷன ஆன் பண்ணி, பிரிட்ஜ்ல ஏஆர்பிய ரிப்ளை ஒன்லினு வைக்கலாம். ஆனா அத பண்ணா ஆபீஸ்ல கையால ஐபி போட்ட பிரிண்டர் எல்லாம் ரவுட்டரோட பேசறத நிறுத்திக்கும், அதனால மொதல்ல எதெல்லாம் அப்படி இருக்குன்னு கணக்கெடுத்துட்டு இறங்குங்க. மேக் அட்ரஸையும் மாத்தத் தெரிஞ்சவனுக்கு இதுவும் பத்தாது, என்விஆர் பாஸ்வேர்ட நல்லதா வைங்க.

இன்னொரு விஷயம் நெறய பேர் விட்டுடுவாங்க, டைம். என்விஆர் நெட்ல இருந்துதான் டைம் எடுத்துக்கும், நெட்ட அடைச்சுட்டா கொஞ்ச நாள்ல கடிகாரம் நகந்துரும், என்னிக்காவது திருட்டுனு ரெக்கார்டிங் எடுத்து ஸ்டேஷன்ல குடுக்கறப்ப டைம் ஒத்துப் போகாது. ரவுட்டர்ஓஎஸ் 7ல டைம் குடுக்கற என்டிபி சர்வர் உள்ளயே இருக்கு, ரவுட்டருக்கு க்ளையன்ட்ட செட் பண்ணி, சர்வர ஆன் பண்ணி, என்விஆர்ல டைம் சர்வர் 192.168.90.1னு குடுங்க. ஈதர்5 இப்ப லேன் லிஸ்ட்ல இருக்காது, அதனால இன்புட் செயின்ல ஈதர்5ல இருந்து யூடிபி 123 அக்செப்ட்னு ஒண்ணு, லேன் இல்லாதத டிராப் பண்ற அந்த வரிக்கு மேல போடணும். டிஎன்எஸ் அதுக்கு தேவையே இல்ல, குடுக்காதீங்க.

பாக்கெட்பாண்டி:

என்விஆர்ல கேட்வேய 192.168.90.1க்கு மாத்த மறக்காதீங்க. பழைய 88.1 அப்படியே இருந்தா ஓனர் சிஸ்டத்துல இருந்து போற பாக்கெட் என்விஆர் வரைக்கும் போகும், பதில் திரும்பி வரத் தெரியாம நிக்கும், அக்செப்ட் கவுன்ட்டர் ஏறும் ஆனா பேஜ் ஓபன் ஆகாது, நீங்க ஃபயர்வாலத்தான் சந்தேகப்படுவீங்க.

லாக் அவுட் பயத்துக்கு, வின்பாக்ஸ்ல மேல இடது பக்கம் சேஃப் மோட் பட்டன் இருக்கு, டெர்மினல்னா கன்ட்ரோல் எக்ஸ். அத அமுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க, நடுவுல கனெக்‌ஷன் அறுந்துச்சுன்னா பண்ணது எல்லாம் தானா பழையபடி ஆயிடும், உடனே ஆகலன்னு பதறாதீங்க, டிசிபி டைம் அவுட் ஆகற வரைக்கும் ஒரு 9 நிமிஷம் பொறுக்கணும். எல்லாம் சரியா இருந்தா மறக்காம சேஃப் மோட்ட விட்டு வெளிய வாங்க, வராம ஜன்னல மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டா பண்ண வேலை பூரா போச்சு. அப்படியும் ஐபில நுழைய முடியலன்னா அதே லேன்ல இருந்து வின்பாக்ஸ்ல ஐபிக்கு பதிலா மேக் அட்ரஸ க்ளிக் பண்ணி உள்ள போங்க, ஐபி ஃபில்டருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க சிஸ்டத்துல இருந்து மட்டும் லாகின் ஆகணும்னா ஐபி சர்வீசஸ்ல வின்பாக்ஸ்க்கு உங்க ஐபிய மட்டும் குடுங்க, தேவையில்லாத டெல்நெட், எஃப்டிபி எல்லாத்தையும் டிசேபிள் பண்ணுங்க.

ஓனர் வீட்ல இருந்து பாக்க வயர்கார்டு விபிஎன் (வெளியில இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதுகாப்பான வழி) போடுங்க, ரவுட்டர்ஓஎஸ் 7ல இருக்கு. இன்புட்ல யூடிபி 13231 அக்செப்ட், அதுவும் டிராப் வரிக்கு மேல. ஓனர் போனுக்கு 192.168.100.2னு ஐபி குடுத்து அதையும் ரேவதி மேடம் சொன்ன லிஸ்ட்ல சேத்துட்டா முடிஞ்சுது, ஃபார்வேர்டுல புதுசா ரூல் வேண்டாம். அதுக்கு முன்னாடி பிபிபிஓஇ-அவுட்1ல என்ன ஐபி வந்திருக்குன்னு பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா அது சிஜிநாட் (ஒரே பொது ஐபிய நெறய கஸ்டமர் பங்கு போட்டுக்கறது), வெளியில இருந்து உங்க ரவுட்டருக்கு எதுவும் வர முடியாது, என்ன ரூல் போட்டாலும் கவுன்ட்டர் ஜீரோதான்.

பனியன்சிட்டி_ஐடி:

பாத்துட்டேங்க, 100.72ல ஆரம்பிக்குது. அப்ப வயர்கார்டு அவ்வளவுதானா? நெட் குடுக்கறவங்ககிட்ட ஸ்டாட்டிக் ஐபி கேட்டா மாசம் தனியா காசு கேக்கறாங்க, ஓனர் அதுக்கு ஒத்துக்க மாட்டாரு.

ரவுட்டர்_ரேவதி:

ஹேப் ஏசி2 ஏஆர்எம் ப்ராசஸர், அதனால மைக்ரோடிக்கோட பேக் டு ஹோம்ங்கற விபிஎன் வசதி வேலை செய்யும், 7.12ல இருந்து இருக்கு. அதுவும் உள்ள வயர்கார்டுதான், நேரா வர முடியலன்னா மைக்ரோடிக்கோட ரிலே வழியா சுத்தி வரும், காசு கெடையாது. ஸ்பீடு சுமார்தான், நாலு கேமரா ஒரே நேரத்துல எச்டில பாக்கறேன்னு அடம் பிடிக்காம கொறஞ்ச தரத்துல வர்ற சப் ஸ்ட்ரீம்ல பாக்கச் சொல்லுங்க. அது போனுக்கு குடுக்கற ஐபி எதுன்னு பாத்து அத லிஸ்ட்ல சேருங்க, 192.168.100.2 இல்ல.

நெட் குடுக்கறவங்க ஐபிவி6 (புது வகை நீளமான ஐபி) குடுக்கறாங்களான்னும் பாருங்க. ஐபிவி6 ஃபயர்வால் தனி மெனு, இங்க போட்ட ஒரு ரூலும் அங்க செல்லாது. ஈதர்5க்கு ஐபிவி6 அட்ரஸே குடுக்காம விட்டுட்டா கவலை இல்ல.

பனியன்சிட்டி_ஐடி:

எல்லாம் ஓடுதுங்க. கட்டிங்ல இருந்து ஓபன் பண்ணா டைம் அவுட், ஓனர் போன்ல வீட்ல இருந்து வருது, என்விஆர் டைமும் சரியா இருக்கு. ஐபிவி6 இங்க இல்ல. ஒரே ஒரு சந்தேகம், அந்த மூணாவது டிராப் ரூல்ல லாக் டிக் பண்ணி வச்சேன், என்விஆர் விடாம க்ளவுட கூப்டுக்கிட்டே இருக்கு, லாக் விண்டோ பூரா அதுவேதான் ஓடுது. இது நார்மலா?

பாக்கெட்பாண்டி:

நார்மல்தான் தம்பி, பதில் வர்ற வரைக்கும் அது கத்திக்கிட்டேதான் இருக்கும். என்விஆர் மெனுல பி2பி அல்லது க்ளவுட்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்து விட்டா பெருமளவு அடங்கிடும். லாக் டிக்க எடுத்துடுங்க, மெமரி லாக்ல 1000 வரிதான் நிக்கும், இது நிரப்பிட்டா பிபிபிஓஇ எப்ப கட் ஆச்சு, யார் லாகின் பண்ணாங்கன்னு பாக்க வேண்டிய வரியெல்லாம் உருண்டு போயிடும். எப்பவாவது சந்தேகம் வந்தா கவுன்ட்டர ரீசெட் பண்ணிட்டு ஏறுதான்னு பாருங்க, அது போதும்.